மரண தண்டனைக் கைதிக்கு மனநிலை குழம்பினால் சட்டம் என்ன செய்யும்?

யாழ்ப்பாணத்தில் சட்டம் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவருக்குப் பிறகு மனநோய் வந்தால் அவரைத் தூக்கிலிட முடியாது என்கிறார்கள். கொலை செய்யும்போது தெளிவாக இருந்தவன், தண்டனை வந்ததும் விசர் என்று சொல்லித் தப்ப இது வழியாகாதா? அதுவும் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத நாட்டில் இதைப் பற்றி ஏன் கதைக்க வேண்டும்?"

தம்பி, இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதற்குத்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. முதலாவதைத் தெளிவாக்காமல் அங்கே போக முடியாது.

உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் விளங்குகிறது. யாழ்ப்பாணத்தில் மரண தண்டனை என்று சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது புங்குடுதீவு மாணவி கொலை வழக்கு. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி யாழ். மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பைப் பலரும் வரவேற்றார்கள். அப்படியொரு குற்றம் செய்தவருக்கு மனநோய் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கேட்பது இயல்பு. அந்தக் கோபத்தை விடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. ஆனால் சட்டம் இந்த இடத்தில் கேட்பது வேறு கேள்வி.

ஒருவரின் மனநிலையைச் சட்டம் மூன்று வெவ்வேறு நேரங்களில் பார்க்கிறது. முதலாவது, குற்றம் நடந்த நேரம். எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு சொல்வது இதுதான்: சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது என்ன என்றோ, அது பிழை அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது. இதன் வேர் 1843இல் இங்கிலாந்தில் இருக்கிறது. பிரதமர் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற மக்நோட்டன் என்பவரை நீதிமன்றம் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று விடுவித்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து அந்நாட்டு நீதிபதிகள் வகுத்த விதிகளின் சாரம், 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவை வழியாக இலங்கைக்கு வந்தது. நிரூபிக்கும் சுமை எதிரியுடையது, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருடையது. நிரூபித்தாலும் அவர் வீட்டுக்குப் போக முடியாது. பாதுகாப்பான இடத்தில் தடுத்துவைக்க நீதிமன்றம் கட்டளையிடும்.

இரண்டாவது, வழக்கு நடக்கும் நேரம். எதிரிக்குத் தன் சட்டத்தரணியிடம் விஷயத்தைச் சொல்ல முடிகிறதா, சாட்சி சொல்வது அவருக்கு விளங்குகிறதா என்று பார்ப்பது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இதற்கென்று தனி அத்தியாயமே உண்டு. சந்தேகம் வந்தால் நீதிமன்றம் மருத்துவ சாட்சியத்தோடு விசாரிக்க வேண்டும். எதிர்வாதம் செய்ய முடியாத நிலை என்று கண்டால் வழக்கை ஒத்திவைக்க வேண்டும்.

மூன்றாவது, தண்டனையை நிறைவேற்றும் நேரம். உங்கள் கேள்வி இங்கேதான் வருகிறது. இந்தக் கட்டத்தில் குற்றம் செய்தது யார் என்ற விவாதம் முடிந்துவிட்டது. மனநோய் வந்தாலும் தீர்ப்பு மாறாது, குற்றவாளி குற்றவாளிதான், சிறைக்கதவும் திறக்காது. கழுத்தில் கயிறு போடுவது மட்டும் நிற்கும். அதனால் 'தப்புவது' என்பது இங்கே பொருந்தாது. ஆயுள் முழுக்கச் சிறையில் இருக்கும் ஒரு மனநோயாளியைத் தப்பியவர் என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

கயிற்றை மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்? இது இன்றைய மனித உரிமைக்காரர் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்திலேயே இந்தத் தடை இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், அரச துரோகம் செய்தவர் பிறகு மனம் பேதலித்தாலும் கொல்லலாம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், அது நிலைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் எட்வர்ட் கோக் என்ற நீதியரசர் அதை மனிதத்தன்மை இல்லாத சட்டம் என்று கண்டித்து எழுதினார். தடைக்கு அந்தக் காலத்தவர் சொன்ன காரணங்கள் பல. என்ன நடக்கிறது என்றே தெரியாத ஒருவரைக் கொல்வதைப் பார்த்து வேறு யாரும் பாடம் படிக்கப் போவதில்லை. இறைவனிடம் மன்னிப்புக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. அந்த நோயே போதிய தண்டனை. இவற்றோடு இன்னொரு காரணமும் சொன்னார்கள்: அவர் தெளிவாக இருந்திருந்தால், தண்டனையை நிறுத்தக்கூடிய ஏதாவது ஒன்றைக் கடைசி நேரத்தில் சொல்லியிருக்கக்கூடும்.

இந்தக் கடைசிக் காரணம் எங்களுக்குத் தூரத்து விஷயம் இல்லை. 1996இல் கைதடிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட சுண்டுக்குளி மாணவியும், அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில், 1998 ஜூலையில் கொழும்பில் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தார்கள். தண்டனைக்கு முன் சொல்வதற்கு ஏதும் உண்டா என்று கேட்கும் அந்த வழமையான கட்டத்தில்தான், குற்றவாளிகளில் ஒருவர் செம்மணியில் நூற்றுக்கணக்கானவர்கள் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2025இல் அதே செம்மணிப் பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. தன் உயிர் போகப்போகிறது என்று விளங்கிய ஒரு குற்றவாளி வாய் திறந்தபடியால்தான் செம்மணி என்ற பெயரை உலகம் கேட்டது. அந்த ஆள் அன்று மனம் குழம்பி நின்றிருந்தால் அவர் சொன்னதை யார் எடுத்திருப்பார்கள்? தண்டனை பெற்றவரின் மனம் அவருக்கு மட்டும் உரியது அல்ல. அதற்குள் மற்றவர்களின் உண்மையும் இருக்கலாம்.

சரி, எந்த அளவுக்கு மனம் குழம்பினால் நிறுத்துவது? இதை அதிகம் வழக்காடிப் பார்த்த நாடு அமெரிக்கா. நான் அந்த நாட்டுச் சிறைகளை முன்மாதிரியாகச் சொல்லவில்லை. அங்கே உண்மையிலேயே கொல்கிறார்கள், அதனால் அந்த நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியிலிருந்து நழுவ முடியவில்லை.

புளோரிடாவில் அல்வின் ஃபோர்ட் என்பவர் 1974இல் ஒரு பொலிஸ்காரரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றார். அப்போது அவருக்கு மனநோய் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. சிறையில் இருந்த காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். தன்னைப் பாப்பரசர் மூன்றாம் ஜோன் போல் என்றார். மாநில உயர் நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதிகளைத் தானே நியமித்துவிட்டதாகச் சொன்னார். ஆளுநர் அனுப்பிய மூன்று மனநல மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஏறக்குறைய அரை மணி நேரம் அவரைப் பார்த்தார்கள். பிறகு தண்டனையை நிறைவேற்றலாம் என்று முடிவானது. 1986இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சித்த சுவாதீனம் இல்லாதவரைக் கொல்வது அரசியலமைப்பு தடுக்கும் கொடூரத் தண்டனை என்றது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தத் தீர்ப்பின் மற்றப் பகுதி: கொல்ல விரும்பும் அரசாங்கமே, கைதியின் தரப்பைக் கேட்காமல், அவர் மனம் சரியா என்று முடிவு செய்ய முடியாது. இதை மனதில் வைத்திருங்கள், இலங்கைக்கு வரும்போது தேவைப்படும்.

ஸ்கொட் பனெட்டி டெக்சாஸ்காரர். 1992இல் மனைவியின் பெற்றோரைச் சுட்டுக் கொன்றார். நீண்ட கால மனச்சிதைவு நோயாளி. அப்படியிருந்தும் தன் வழக்கைத் தானே நடத்த விட்டார்கள். கௌபோய் உடையில் நீதிமன்றத்துக்கு வந்து, இயேசுவையும் கொலையுண்ட ஜனாதிபதி கென்னடியையும் சாட்சிக்கு அழைக்கக் கேட்டார். தண்டனைக்குக் காரணம் அந்தக் கொலைகள் என்று அரசு சொல்வதை அவரால் திருப்பிச் சொல்ல முடிந்தது. ஆனால் அது வெறும் சாட்டு, தான் வேதம் போதிப்பதைத் தடுக்கத்தான் தன்னைக் கொல்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார். 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னது: காரணத்தைக் கிளிப்பிள்ளைபோலச் சொன்னால் போதாது, அது அறிவுக்குப் பொருந்த விளங்கியிருக்க வேண்டும். இழுபட்டு இழுபட்டு 2023இல்தான் ஒரு நீதிபதி அவரைக் கொல்லத் தகுதியில்லை என்று தீர்மானித்தார்.

வெர்னன் மடிசன் வேறு மாதிரி. பக்கவாதம் பலமுறை வந்து, மறதி நோய் முற்றி, தான் செய்த கொலையே அவருக்கு ஞாபகம் இல்லை. 2019இல் நீதிமன்றம் இதில் ஒரு கோடு கீறியது. ஞாபகம் இல்லை என்பது மட்டும் தண்டனையை நிறுத்தாது. ஞாபகம் இல்லாமலே 'நான் இப்படிச் செய்ததாக நிரூபித்திருக்கிறார்கள், அதற்காக இது' என்று ஒருவர் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் மறதி நோய் அந்த விளக்கத்தையே அழித்துவிட்டால் கொல்ல முடியாது. இந்தக் கோடு சரியான இடத்தில் விழுந்திருப்பதாகவே நினைக்கிறேன். உங்கள் சந்தேகத்துக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. 'எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை' என்று சொல்லிவிட்டு யாரும் போய்விட முடியாது.

மீதிப் பாதி, நடிப்பு பற்றியது. நடிக்க முயல்பவர்கள் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் நடிப்பது வேறு, வாட்டில் இரவும் பகலும் தாதியர் பார்த்துக்கொண்டிருக்க வாரக்கணக்கில் நடிப்பது வேறு. நித்திரை, சாப்பாடு, குளிப்பு, தனியே இருக்கும்போது என்ன செய்கிறார், யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது என்ன செய்கிறார் என்பதெல்லாம் பதிவாகும். நடிப்பவர் பெரும்பாலும் மிகைப்படுத்துவார், நோயைக் காட்ட அவசரப்படுவார். கடுமையான மனச்சிதைவு உள்ளவர்களில் பலர் இதற்கு நேர்மாறு: எனக்கு ஒன்றும் இல்லை, மருந்து வேண்டாம், என்னை விட்டால் போதும் என்பார்கள். தன் நோயைத் தானே அறியாமலிருப்பது அந்த நோயின் ஒரு கூறு. அதனால் சிறையில் கவனிக்கப்படாமல் போகிறவர்களில் நடிகர்களைவிட உண்மையான நோயாளிகளே அதிகம் என்பது என் கணிப்பு. அமைதியாக ஒரு மூலையில் இருப்பவரைக் காவலர் 'பிரச்சினை இல்லாத ஆள்' என்று எழுதிவிடுவார்.

ஆர்கன்சாவில் 1992 ஜனவரியில் கொல்லப்பட்ட ரிக்கி ரே ரெக்டரைப் பாருங்கள். கொலைக்குப் பிறகு தன் தலையில் தானே சுட்டு, மூளையின் ஒரு பகுதியை இழந்தவர். கடைசிச் சாப்பாட்டோடு கொடுத்த இனிப்பைச் சாப்பிடாமல், பிறகு சாப்பிட எடுத்துவைத்தார். அவர் எந்தப் பரீட்சையிலும் நடிக்கவில்லை. பிறகு என்ற நேரம் தனக்கு இல்லை என்பது அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே மருத்துவருக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மருந்து கொடுத்தால் நோயாளி தெளிவார், தெளிந்தால் கொல்லப்படுவார். அதே ஆர்கன்சாவில் சார்ள்ஸ் சிங்கிள்டன் என்பவருக்குக் கட்டாய மருந்து கொடுக்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்து, 2004 ஜனவரியில் அவரைக் கொன்றார்கள். லூசியானா மாநில உயர் நீதிமன்றம் 1992இலேயே இதை மறுத்திருந்தது. தண்டனையை முதலில் ஆயுள் தண்டனையாகக் குறைத்துவிட்டுப் பிறகு மருந்து கொடுப்பதே நேர்மையான ஒரே வழி என்பேன். வேறு எப்படிச் செய்தாலும் வைத்தியர் தூக்குமரத்துக்கு வேலை செய்பவராகிவிடுவார்.

எங்கள் பக்கத்து நாடுகளும் இதில் சும்மா இருக்கவில்லை. 2014 ஜனவரி 21ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த தலைமை நீதியரசர் சதாசிவத்தின் தலைமையில், 15 பேரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டது ஒரு காரணம். மனநோய் இன்னொரு காரணம். மரண தண்டனைக் கைதிகளின் மனநிலையை ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கட்டளையிட்டது. அடுத்த மாதமே, அதே தாமதக் காரணத்தை வைத்து, ராஜீவ் காந்தி வழக்கில் மூவரின் தண்டனை குறைந்தது. அவர்களில் ஒருவரான சாந்தன் உடுப்பிட்டியைச் சேர்ந்தவர். 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2011 செப்டெம்பர் 9ஆம் திகதி தூக்கு என்று நாளும் குறிக்கப்பட்டு, நிறுத்தப்பட்டவர். 2022இல் விடுதலையாகியும் ஊருக்கு உயிரோடு வரவில்லை. 2024 பெப்ரவரி 28ஆம் திகதி சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் வழக்கில் மனநோய் என்ற வாதம் எழவில்லை. ஆனால் தாமதம் என்ற வாதத்தின் அடியில் இருப்பதும் மனம்தான்: நாளை கொல்வார்களா, அடுத்த வருடம் கொல்வார்களா என்று தெரியாமல், கருணை மனுவுக்குப் பதில் சொல்லாமல், ஒருவரைப் பதினொரு வருடம் வைத்திருப்பதே தனிச் சித்திரவதை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2019இல் இன்னும் ஒரு படி போய், தீர்ப்புக்குப் பின் வந்த கடுமையான மனநோயையும் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாக ஏற்றது. பாகிஸ்தானில் 2016இல் உச்ச நீதிமன்றம் மனச்சிதைவு நோய் நிரந்தரமான மனநோய் அல்ல என்று சொல்லி உலகம் முழுவதிலும் மருத்துவர்களின் கண்டனத்தை வாங்கியது. 2021 பெப்ரவரியில் அதே நீதிமன்றம் அந்தப் போக்கை மாற்றி, மனநோயாளிகள் இருவரின் தண்டனையைக் குறைத்தது. அவர்களில் ஒருவர் முப்பது வருடமளவில் மரண தண்டனையின் கீழ் இருந்த பெண்.

சிங்கப்பூர் மறுபக்கம். நாகேந்திரன் தர்மலிங்கம், மலேசியத் தமிழர். 2009இல் 42.72 கிராம் ஹெரோயினோடு பிடிபட்டார். அவருடைய நுண்ணறிவு ஈவு 69 என்று பரிசோதனையில் வந்தது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று அவர் தரப்பும், செய்வது என்ன என்று தெரிந்துதான் செய்தார் என்று அரசுத் தரப்பும் பல வருடம் வாதாடின. நீதிமன்றங்கள் அரசுத் தரப்பை ஏற்றன. 2022 ஏப்ரல் 27ஆம் திகதி அதிகாலை தூக்கிலிட்டார்கள். சட்டம் தன் படிகளை எல்லாம் கடந்துதான் வந்தது, உண்மை. ஆனால் 'செய்வது தெரியும்' என்பதையும், மிரட்டலையும் ஆசை காட்டலையும் எதிர்த்து நிற்கக்கூடிய முதிர்ந்த மனம் என்பதையும் ஒன்றாக எடுத்துவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2018இல், தங்களைத் தாங்களே தற்காத்துக்கொள்வதில் விசேட தடைகள் உள்ள மனநல, அறிவுக் குறைபாடுடையோருக்கு மரண தண்டனையே விதிக்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இலங்கையில் கடைசித் தூக்கு 1976 ஜூன் 23. உண்மைதான். ஆனால் மேல் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிப்பதை நிறுத்தவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவின்படி கொலைக்கு அது ஒன்றே தண்டனை. நீதிபதிக்குத் தெரிவே இல்லை. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். 77ஆம் பிரிவு முழுதாக அறிவிழந்தவரைத்தான் காப்பாற்றும். பாதி குழம்பிய மனதோடு கொன்றவருக்கு இங்கிலாந்தில் 1957இலிருந்து 'குறைந்த பொறுப்பு' என்ற வாதம் கிடைக்கிறது, குற்றத்தின் தரம் இறங்கும். எங்கள் சட்டக்கோவையில் அந்த விதிவிலக்கு இல்லை. கடும் மனச்சோர்வில் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்த ஒரு தாயும், காசுக்குக் கொன்றவரும் நீதிபதி முன் ஒரே தண்டனைக்கு முகம் கொடுக்க நேரலாம். அந்தத் தாயின் மனநிலைக்கு எடை கிடைக்கக்கூடிய இடம், தீர்ப்புக்குப் பிறகு வரும் கருணைக் கட்டம்தான்.

அந்தக் கட்டம் எப்படி இருக்கிறது? அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரையின்படி, வழக்கை விசாரித்த நீதிபதி ஜனாதிபதிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போகும். பிறகு நீதி அமைச்சரின் பரிந்துரையோடு ஜனாதிபதியிடம் வரும். நீதிபதி, சட்டமா அதிபர், அமைச்சர், ஜனாதிபதி. இந்த வரிசையில் ஒரு வைத்தியர் இல்லை. நீதிபதி அந்த மனிதரைப் பார்த்தது வழக்கு நடந்தபோது. பத்து வருடம் கழித்து ஜனாதிபதி கையெழுத்துப் போடும் நாளில் அந்த மனம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல அந்த வரிசையில் இடமே வைக்கவில்லை. ஃபோர்ட் வழக்கில் மனதில் வைக்கச் சொன்னது இதைத்தான். தூக்க விரும்பும் தரப்பே, கைதியின் பக்கம் கேட்காமல், எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அமைப்பு இது.

தூக்கு நின்றுவிட்டது என்று நம்பியிருக்கவும் முடியாது. 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகள் நான்கு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்திட்டுவிட்டதாக அறிவித்தார். ஜூலை 5ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதால்தான் அது நின்றது. அதே ஆண்டு தொடக்கத்தில் அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவர், பதவிக்கு விளம்பரம் போட்டிருந்தார்கள். விண்ணப்பதாரருக்கு மனவலிமை வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். 2014இல் அந்தப் பதவிக்கு எடுத்த ஒருவர் தூக்குமரத்தைப் பார்த்த அதிர்ச்சியில் வேலையை விட்டுப் போயிருந்தார். கயிற்றை இழுப்பவரின் மனதைப் பற்றி யோசித்த அரசு, கயிற்றில் தொங்கப் போகிறவரின் மனதை யார், எப்போது, எப்படிப் பரிசோதிப்பது என்றும் பகிரங்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். 2022இல் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தூக்குக்குக் கையெழுத்திட மாட்டார் என்று உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது நல்ல விஷயம். ஆனால் அது ஒரு மனிதரின் முடிவு, சட்டம் அல்ல.

தூக்காமல் வைத்திருப்பதும் மனதைத் தின்னும். ஜப்பானின் இவாவோ ஹக்கமடா 1968இல் மரண தண்டனை பெற்றார். அங்கே தூக்கு நாளைக் கைதிக்கு அன்று காலையில்தான் சொல்வார்கள். ஒவ்வொரு விடியலும் அந்த மனிதருக்கு அப்படித்தான் வந்தது. பல பத்தாண்டுத் தனிமையில் அவர் மனம் உடைந்துபோனது. 2014இல் வெளியே விட்டார்கள், 2024 செப்டெம்பரில் அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை முழுதாக விளங்கிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. அவருக்காக வாழ்நாள் முழுக்கப் போராடிய அக்காதான் நீதிமன்றத்தில் நின்று அதைக் கேட்டார். இந்தியாவில் மரண தண்டனைக் கைதிகள் 88 பேரைச் சந்தித்து 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 62 சதவீதமானோருக்குக் குறைந்தது ஒரு மனநோயாவது இருந்தது. இலங்கையில் மரண தண்டனைத் தீர்ப்போடு சிறையில் இருப்பவர்கள் 2019இல் ஆயிரத்துக்கும் மேல்.

யாழ்ப்பாணத்தவருக்கு இதில் இன்னும் ஒரு பாரம் உண்டு. இங்கே தண்டனை பெற்றவர் தெற்கில் உள்ள சிறைக்கு மாற்றப்பட்டால், அவரைச் சுற்றி இருப்பவர்கள் பேசுவது சிங்களம். மனநோயை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. கதைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மாளாச்சி தன்னோடு கதைக்கிறா என்று ஒருவர் சொன்னால், அது இந்த மண்ணில் பலர் சாதாரணமாகச் சொல்லும் பக்தியா, நோயின் குரலா என்று பிரித்தறிய எங்கள் ஊர்ப் பேச்சும் நம்பிக்கையும் தெரிந்த ஒரு மனநல வைத்திய நிபுணர் வேண்டும். பக்கத்து அறைக் கைதியையோ காவலரையோ மொழிபெயர்க்க வைத்து எடுக்கும் அறிக்கை இரண்டு பக்கமும் பிழைக்கலாம். நோய் இல்லாதவரை நோயாளி என்றும் சொல்லும், நோயாளியை நடிகர் என்றும் சொல்லும். தமிழில் செய்யாத மனநிலைப் பரிசோதனையைத் தமிழ்க் கைதி விஷயத்தில் எந்த நீதிமன்றமும் இறுதியானது என்று எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆவணம் இன்னொரு பாடு. மனநோய் வாதத்துக்கு உயிர் கொடுப்பது பழைய பதிவுகள்: கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரித் துண்டு, பள்ளிக்கூட அறிக்கை. 1995 இடப்பெயர்விலும் 2009 வன்னியிலும் எத்தனை வீடுகளில் அவை போய்விட்டன என்று உங்களுக்குத் தெரியும். போகாத வீடுகளிலும் மறைத்து வைப்பார்கள். தங்கச்சியின் கலியாணம் குழம்பிவிடும், சொந்தத்துக்குள் கதை வரும் என்று ஆஸ்பத்திரிக்குப் பதிலாகக் கோயிலுக்கும் பரிகாரிக்கும் கொண்டு போயிருப்பார்கள். வழக்கு வந்த பிறகும் சட்டத்தரணியிடம் சொல்லமாட்டார்கள். பிறகு மேன்முறையீட்டில் முதல்முறையாக மனநோய் என்று சொல்லும்போது, எதிர்த்தரப்பு 'இதுவரை ஏன் சொல்லவில்லை' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு முன் பல உண்மையான நோயாளிகள் தோற்றுப் போகிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, மனநிலையைப் பார்க்க வேண்டிய நாள் தூக்குக்கு முந்திய நாள் இல்லை. கைதான முதல் வாரத்திலேயே, நீதவான் முன் நிறுத்தும்போதே, சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்குக் கட்டளை கேட்க வேண்டும். அப்போது எடுத்த பதிவுதான் பின்னால் மூன்று கட்டங்களுக்கும் அத்திவாரம். நடிப்பவரைப் பிடிக்கவும் அதுவே நல்ல வழி, ஏனென்றால் நடிப்பு பெரும்பாலும் பிந்தித்தான் தொடங்கும். நீங்கள் நாளைக்குச் சட்டத்தரணியாக எழும்பும்போது இதைச் செய்யலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. புதிய சட்டம் தேவைப்படுவது 34ஆவது உறுப்புரையின் வரிசைக்கு. நீதிபதியின் அறிக்கையோடு, சிறையோடு தொடர்பில்லாத இரண்டு மனநல வைத்திய நிபுணர்களின் அண்மைய அறிக்கையும் போக வேண்டும். அதைக் கைதியின் சட்டத்தரணி பார்த்து மறுத்துச் சொல்ல இடம் வேண்டும். முடிவு சரியில்லை என்றால் நீதிமன்றத்துக்குப் போக வழி வேண்டும்.

இப்போதே சிறையில் ஒருவர் இருக்கிற குடும்பம் இதை வாசித்தால்: அவர் மாறிப்போனதாகப் பார்வைக்குப் போகும்போது தெரிந்தால், திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்ன சொன்னார், யாரை அடையாளம் தெரியவில்லை, சாப்பிட்டாரா என்று எழுதினால் போதும். பழைய சிகிச்சை நடந்தது யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பளையிலோ என்றால், பதிவறையில் பெயரும் ஆண்டும் சொல்லிப் பிரதி கேளுங்கள். கோயிலில் வைத்துப் பார்த்திருந்தாலும் அதைப் பார்த்த அயலவரிடம் சத்தியக் கடதாசி வாங்கலாம். சிறை அத்தியட்சகருக்கும் நீதி அமைச்சுக்கும் எழுதும் கடிதத்தின் பிரதியை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். அதன் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, சிறைகளுக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டு. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். பரிசோதனையைத் தமிழில் செய்ய வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.